சுங்கை சிப்புட்டிலிருந்து லண்டன்: ஆறு மணி நேரமா, பதினாலா?

செம்பனைக்காடு:
தங்கச்சிக்கு லண்டனில் குழந்தை பிறந்திருக்கிறது, ஜனவரியில் அம்மாவை அனுப்ப வேண்டும். வயது 67, எஸ்டேட் லயத்தில் பிறந்தவர், பினாங்கைத் தாண்டி எங்கும் போனதில்லை. ராத்திரி 11 மணிக்கு கேஎல்ஐஏவில் (கோலாலம்பூர் விமான நிலையம்) ஏறினால் விடியற்காலை 5 மணிக்கு ஹீத்ரோவில் இறங்கலாம் என்று போட்டிருந்தது, ஆறு மணி நேரம்தானே என்று அம்மாவிடம் சொல்லி, அவரும் தலையாட்டிவிட்டார். இப்போது பக்கத்து வீட்டு அண்ணன் 14 மணி நேரம் என்கிறார். எது சரி? அம்மாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) வேறு.

லோரிக்காரன்:
அண்ணன் சொன்னதுதான் சரி தம்பி. ஏறுவது நம்ம கடிகாரம், இறங்குவது அவர்கள் கடிகாரம். ஜனவரியில் லண்டன் நமக்கு 8 மணி நேரம் பின்னால், அங்கே காலை 5 என்றால் இங்கே பகல் 1. அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், விமானத்தில் ஏறிய பிறகு தெரிந்தால் உங்களுக்குத்தான் திட்டு.

பழைய பால்மரம்:
தூரம் சுமார் 10,600 கிலோமீட்டர். மணிக்கு 900 என்று வகுத்தால் 12 மணி நேரம்கூட வராது, ஆனால் உலக உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள், ஆப்கானிஸ்தான், காஸ்பியன் கடல், உக்ரைன் என்று போகும். உக்ரைன் வானம் 2022 பிப்ரவரியிலிருந்து மூடிக் கிடக்கிறது (2014இல் நம்ம எம்எச்17 விமானம் அங்கேதான் சுட்டு வீழ்த்தப்பட்டது, அதை நம்ம நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை), அதனால் தெற்கே சுற்றித்தான் போக வேண்டும். மேலே மேற்கிலிருந்து கிழக்கே வேகமாகக் காற்று அடிக்கும், போகும்போது அது எதிர்க்காற்று. திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும், ஒரு மணி நேரம் போலக் குறையும்.

கம்பத்து அக்கா:
14ஐ மட்டும் பார்க்காதீர்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து கேஎல்ஐஏ 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு, தஞ்சோங் மாலிம் பக்கம் ஜாம் ஆனால் காரிலேயே நாலு மணி நேரம் போய்விடும், அப்புறம் மூன்று மணி நேரம் முன்னாலேயே அங்கே நிற்க வேண்டும். வாசல்படியிலிருந்து வாசல்படி ஒரு நாள் முழுக்க என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் சீட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள், விமானம் ராத்திரியோடு சேர்ந்தே மேற்கே ஓடுவதால் வழி முழுக்க இருட்டுதான். நடைபாதை ஓரம் எடுங்கள், எழுந்து நடக்கலாம், கால் வீங்காது. ஊசி மருந்து என்றால் கைப்பையில் வையுங்கள், கீழே போகிற பெட்டியில் போட்டால் உறைந்துவிடலாம். எந்த நேரத்துக்கு எவ்வளவு என்று கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்குங்கள். பிரிட்டனுக்குள் போக நம்ம பாஸ்போர்ட்டுக்கும் 2025 ஜனவரியிலிருந்து ஈடிஏ என்ற முன் அனுமதி வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

செம்பனைக்காடு:
நன்றி அக்கா, எல்லாருக்கும் நன்றி. சொல்லிவிட்டேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான், அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் சோறு போடுவார்களா என்று.

கம்பத்து அக்கா:
போடுவார்கள். இனிப்பு நீர்க்காரர்களுக்குத் தனிச் சாப்பாடு உண்டு, டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.