லெவல் 1 பார்ட்டிக்கு எதிரி: எச்பி, டேமேஜ் எவ்வளவு வைக்கலாம்?

பகடை_ராயபுரம்:
வணக்கம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி&டி, பகடை உருட்டி ஆடுற கதை விளையாட்டு) 5-ம் பதிப்பு, 2014 ரூல்ஸ். டிஎம்-ஆ (கதையையும் எதிரிகளையும் நடத்துறவர்) உட்கார்றது இதுதான் முதல் தடவை. பார்ட்டியில (பிளேயர்ஸ் குழு) நாலு பேரு, எல்லாரும் லெவல் 1: ஃபைட்டர் எச்பி (உயிர்ப் புள்ளி) 12, ரோக் (பதுங்கி அடிக்கிறவர்) 10, கிளெரிக் (பூசாரி) 10, விசார்ட் (மந்திரவாதி) 8. களம் காசிமேடு மாதிரி ஒரு மீன்பிடித் துறைமுகம். தடைக்காலம், விசைப்படகெல்லாம் ஒட்டி ஒட்டிக் கட்டிக் கிடக்கு. ராத்திரியில படகு சாமானைத் திருடுற கும்பல்தான் எதிரி.

நான் எழுதி வச்சிருக்கிற திருடன்: ஏசி (அடி பட எட்ட வேண்டிய எண்) 15, எச்பி 20, அட்டாக் +5 (அடிக்கிற உருட்டோட கூட்டுறது), டேமேஜ் 1டி8+3 (8 முகப் பகடை ஒண்ணு, கூட 3), ஆளுக்கு ஒரு வலை. இப்படி அஞ்சு பேரு. கடைசிச் சண்டையில தலைவன் மட்டும் தனியா: ஏசி 17, எச்பி 60, ஒரு டர்னுக்கு ரெண்டு அடி. சரியா வருமா?

கறுப்புக்காய்:
வராது ப்ரோ. பார்ட்டி மொத்தமும் படுத்துரும். ஒரு ரவுண்டுக்கு (எல்லாருக்கும் ஒரு டர்ன்) போட்டுப் பாருங்க.

உங்க நாலு பேரும் +5 போட்டு ஏசி 15-ஐ அடிக்க டி20-ல (20 முகப் பகடை) 10-ஓ அதுக்கு மேலயோ விழணும், அதாவது 55 சதவீதம். பட்டா சராசரி டேமேஜ் 7. நாலு பேருக்கும் சேர்த்து ரவுண்டுக்கு 15 பக்கம். திருடனுக்கு எச்பி 20. நாலு பேரும் ஒருத்தனையே அடிச்சாலும் முதல் ரவுண்டுல பெரும்பாலும் யாரும் விழ மாட்டான். பதிலுக்கு அஞ்சு பேரு +5 போட்டு சராசரி ஏசி 15-ஐ அடிக்கிறாங்க: 55 சதவீதம், சராசரி 7.5, மொத்தம் 20. ரெண்டாவது ரவுண்டுல ஒருத்தனை இறக்கினாலும் ரெண்டு ரவுண்டு சேர்ந்து 37 வருது. உங்க பார்ட்டி மொத்தமே 40.

இதைவிட மோசம் கிரிட்டிக்கல் (டி20-ல 20 விழுந்தா டேமேஜ் பகடை ரெட்டிப்பு). 2டி8+3-ல அதிகபட்சம் 19. எச்பி 8 உள்ள விசார்ட் முழு எச்பியோட நின்னாலும் ஒரே அடியில 16 வாங்கினா, மீதி 8 அவரோட அதிகபட்ச எச்பிக்குச் சமம். டெத் சேவுக்கே (எச்பி 0 ஆனவர் பிழைக்க உருட்டுறது) வழியில்ல, நேரா சாவு. முதல் சண்டையில ஒருத்தரோட கேரக்டர் இப்படிப் போனா அவங்க அடுத்த வாரம் வர யோசிப்பாங்க. 1டி6+1 வைங்க. கிரிட் விழுந்தாலும் 13-க்கு மேல போகாது.

நான் சொல்ற திருடன்: ஏசி 12, எச்பி 7, அட்டாக் +3, டேமேஜ் 1டி6+1. நாலு பேரு. ஒரு நல்ல அடி பட்டா ஒருத்தன் விழுவான், ரவுண்டுக்கு ஏறக்குறைய ரெண்டு பேரு. மொத்தச் சண்டையிலயும் பார்ட்டிக்கு 12 முதல் 15 வரை டேமேஜ் ஏறும். வலிக்கும், ஆனா யாரும் சாக மாட்டாங்க. விசார்ட் ஸ்லீப் (தூங்க வைக்கிற ஸ்பெல்) போட்டா (5டி8 எச்பி வரைக்கும், சராசரி 22) மூணு பேரு தூங்கிருவான். அதுக்குப் பயந்து எச்பியை ஏத்தாதீங்க. அந்த ஸ்பெல் லெவல் 1-ல ஜொலிக்கத்தான் இருக்கு.

எண்ணூர்_டிஎம்:
மேல சொன்ன கணக்கை எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வச்சும் பார்த்துக்கலாம். லெவல் 1-க்கு ஆளுக்கு ஈஸி 25, மீடியம் 50, ஹார்ட் 75, டெட்லி 100. நாலு பேருக்கு 100, 200, 300, 400. அந்தத் திருடனை சிஆர் (எதிரியோட பலத்தைச் சொல்ற எண்) 1/8-னு வச்சா 25 எக்ஸ்பி. நாலு திருடனுக்கு 100. மூணுல இருந்து ஆறு எதிரி வரைக்கும் 2-ஆல பெருக்கணும், 200. சரியா மீடியம். அதே நாலு இடத்துல புத்தகத்துக் காப்ளின் (குட்டிப் பூதம், சிஆர் 1/4, 50 எக்ஸ்பி) வச்சா 400, டெட்லி. புதுசா வர்றவங்க 'காப்ளின்தானே'ன்னு ஏமாந்து போறது இங்கதான். 2024 ரூல்ஸ்ல இந்தப் பெருக்கல் கிடையாது, அதனால ரெண்டு புத்தகத்தையும் கலக்காதீங்க.

இன்னொண்ணு. 2014 டிஎம் கைடுல எதிரி உருவாக்குற அட்டவணையைப் பார்த்து எச்பி எடுக்காதீங்க. அதுல சிஆர் 1/4-க்கு 36 முதல் 49 வரை போட்டிருக்கு. அதே சிஆர் உள்ள காப்ளினுக்கு எச்பி 7! அட்டவணைப்படி போனா ஒவ்வொருத்தனையும் அஞ்சாறு அடி அடிச்சுக்கிட்டே இருக்கணும், மேசையே தூங்கி வழியும்.

கேரம்மேசை:
தலைவனுக்கு வர்றேன். தனியா நிக்கிற தலைவனுக்கு ரவுண்டுல ஒரே ஒரு டர்ன், எதிர்ல நாலு. அதைச் சரிக்கட்ட ஏசி 17, எச்பி 60-னு ஏத்தினா, பிளேயர்ஸ் பாதி நேரம் 'படலை, படலை'ன்னே சொல்லிக்கிட்டு இருப்பாங்க. ஏசி 13, எச்பி 36, அட்டாக் +4, டேமேஜ் 1டி8+2, ஒரே அடி. கூட ரெண்டு திருடன். மொத்த எச்பி 50, பார்ட்டி ரவுண்டுக்கு 18 அடிக்கும், மூணு ரவுண்டுல முடியும்.

வலை அவன்கிட்ட மட்டும் ஒண்ணு இருக்கட்டும். அஞ்சு பேருகிட்டயும் இருந்தா பிளேயர்ஸ் டர்ன் பூரா வலையை அறுக்கவே போயிடும், சும்மா உட்கார்ந்து பார்க்கிறதைவிட எரிச்சல் வேற இல்ல. புத்தகத்துல உள்ள வலையை அப்படியே எடுக்காதீங்க. அதோட சாதாரண தூரம் 5 அடிதான், அதனால கிட்டப் போய் எறிஞ்சாலும் டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு தடவை உருட்டிச் சின்னதை எடுக்கணும்), தள்ளி எறிஞ்சாலும் டிஸ்அட்வான்டேஜ். 'டெக்ஸ் சேவ் (சுறுசுறுப்பால தப்பிக்கிற உருட்டு) டிசி (எட்ட வேண்டிய எண்) 11, தோத்தா ரெஸ்ட்ரெய்ன்ட் (சிக்கி நகர முடியாது)'னு வச்சுக்கோங்க. விடுபட ஸ்ட்ரெங்த் டிசி 10, இல்ல 5 வெட்டு டேமேஜ். பக்கத்துல நிக்கிற கூட்டாளியும் இழுத்து விடலாம்னு முன்னாடியே சொல்லிடுங்க.

படகுகள் ஒட்டிக் கிடக்கிறதை விட்டுறாதீங்க. மேசையில நாலு நோட்டைப் பக்கம் பக்கமா வச்சா அதுதான் படகு. கேரம்ல கறுப்புக் காய் திருடன், வெள்ளைக் காய் பிளேயர், சிவப்பு தலைவன். ஒரு படகுல இருந்து அடுத்ததுக்குத் தாவ அக்ரோபாட்டிக்ஸ் டிசி 10. தோத்தா தண்ணி, ஏறி வர ஒரு டர்ன். இது ரெண்டு பக்கத்துக்கும் பொது, தள்ளி விடத் தெரிஞ்ச ஃபைட்டருக்கு இந்த இடம் அல்வா மாதிரி.

பகடை_ராயபுரம்:
ரொம்ப நன்றி அண்ணா, எல்லாருக்கும். நாலு பேரு, எச்பி 7-னு மாத்திட்டேன். பாதிப் பேரு விழுந்ததும் மிச்சம் பேரு தண்ணியில குதிச்சு ஓடலாமா?

கறுப்புக்காய்:
ஓடணும். ஆனா ஒருத்தனாவது பிடிபடட்டும், அவன் வாயில இருந்துதான் தலைவன் எந்தப் படகுன்னு தெரியணும். அப்புறம் ரெண்டு சண்டைக்கும் நடுவுல ஒரு மணி நேர ஷார்ட் ரெஸ்ட் கண்டிப்பா குடுங்க. லெவல் 1-ல ஆளுக்கு ஒரே ஹிட் டைதான் (ரெஸ்ட்ல எச்பி ஏத்த உருட்டுற பகடை), கிளெரிக்குக்கு ரெண்டே ஸ்பெல் ஸ்லாட் (ஸ்பெல் போடுற வாய்ப்பு). ரெஸ்ட் இல்லாம தலைவன்கிட்ட போனா மேல போட்ட கணக்கு எதுவும் நிக்காது.