சக்கர நாற்காலியில் வரும் மாணவனும் குழுச் செயற்பாடும்: ஆலோசனை தேவை

வணக்கம். கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில், ஏ9 வீதியிலிருந்து உட்புறமாக அமைந்த ஒரு பாடசாலையில் தரம் 7 விஞ்ஞானம் கற்பிக்கிறேன். வகுப்பிலுள்ள 32 பேரில் ஒருவன் சக்கர நாற்காலியில் வருகிறான். அவன் கைகளில் எந்தக் குறையும் இல்லை.

முதலாம் தவணையிலிருந்தே சிக்கல் இருக்கிறது. குழுக்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேசை மாறும்போது, வாங்குகளுக்கிடையே நாற்காலி நுழைவதில்லை. மண்ணை ஒப்பிடும் செயற்பாட்டுக்காகத் தோட்டத்துக்குப் போனால், முன்பக்கத்துச் சிறு சில்லுகள் மணலில் புதைந்து, அவனைத் தூக்கிச் செல்ல நால்வர் வந்து நிற்கிறார்கள். அவன் முகம் அப்போது சுருங்குவதைப் பார்க்க முடியவில்லை.

மணலில் பலகை விரித்தோம். இரண்டு மழைக்குள் அது வளைந்துவிட்டது. மேசைக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தியதில் அவனுடைய முழங்கால் இப்போது உள்ளே போகிறது, ஆனால் உயரம் கூடியதால் மற்றவர்கள் நின்றே வேலை செய்ய வேண்டியுள்ளது. குறிப்பெடுக்கும் பொறுப்பைக் கொடுத்தேன். அது என் தவறுதான்: மூன்று வாரங்களில் அவன் குழுவின் நிரந்தர எழுதுவினைஞனாகிவிட்டான், குவளையையோ தராசையோ தொடுவதே இல்லை. வாசலில் 1:12 சாய்வில் (12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம்) சாய்தளம் கட்டுவதற்கு அதிபர் இணங்கியிருக்கிறார். எனினும் அது வகுப்புக்குள் உள்ள சிக்கலைத் தீர்க்காது.

குழுக்கள் இடம் மாறாமல் பொருட்கள் மட்டும் சுற்றிவரும் வகையில் இத்தகைய செயற்பாடுகளை நடத்தியவர்கள், ஒவ்வொருவரும் கையால் செய்து பார்க்கும்படி பொறுப்புகளை எவ்வாறு பகிர்ந்தீர்கள்?