முகாமில் கொடுத்த மாத்திரை அப்புறம் என்ன ஆகிறது?

இலவச மருத்துவ முகாம்களில் மருந்து மேசைதான் என் இடம். சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன், வேளை சொல்வேன். வரிசை நீள நீள என் பேச்சு சுருங்கிவிடும். கையில் கத்தரிக்கோல் இருக்கும். பத்து நாளைக்கு என்று எழுதியிருந்தால் பதினைந்து மாத்திரை அட்டையில் பத்தை வெட்டிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை டப்பாவில் போடுவேன்.

ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் முகாம். ஒரு அம்மாவுக்கு ரத்த அழுத்தம் 190/110. ஐந்து நிமிடம் உட்காரவைத்துத் திரும்பப் பார்த்தும் பெரிதாக இறங்கவில்லை. "போன தடவை மாத்திரை கொடுத்தோமே, சாப்பிடலையாம்மா?" என்றேன். பைக்குள் துழாவி ஒரு அட்டைத் துண்டை எடுத்துக் காட்டினார். அதில் இன்னும் நான்கு மாத்திரை இருந்தது. "தலை வலிக்கிறப்ப மட்டும் போட்டுக்குவேன் தம்பி. தீர்ந்துட்டா யாரு தருவா?"

துண்டைத் திருப்பிப் பார்த்தேன். சாப்பிட்ட பகுதியை அவரே கிழித்துப் போட்டிருக்கிறார். மருந்தின் பெயரில் இரண்டே எழுத்துதான் மிச்சம். காலாவதித் தேதி இருந்த முனையோ என் டப்பாவுக்குப் போன பகுதி. இதை எந்த மருத்துவமனையில் காட்டினாலும் என்ன மாத்திரை என்று அவர்களால் சொல்லியிருக்க முடியாது. இது தலைவலி மாத்திரை இல்லை, உடம்புக்கு ஒன்றுமே தெரியாத நாளிலும் போட வேண்டியது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. யாரும் என்றால், நான்தான்.

இப்போது முழு அட்டையாகக் கொடுக்கிறோம். தீர்ந்த பிறகு எங்கே போய் வாங்குவது என்றும் சீட்டில் எழுதுகிறோம். தொடர்ந்து கிடைக்க வழியில்லாத இடத்தில் பத்து நாள் அழுத்த மாத்திரை கொடுப்பதில் அர்த்தம் உண்டா என்று மருத்துவர்களிடம் சண்டையே போட்டிருக்கிறேன். அது இன்னும் தீரவில்லை.

* * *

மேலே மருந்து மேசைக்காரர் எழுதியதைப் படித்ததும் எனக்கு வெள்ள நிவாரண முகாம் ஞாபகம் வந்துவிட்டது. வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூளான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொடுப்பது என் வேலை. "ஒரு லிட்டர் தண்ணியில கரைங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. மறுநாள் ஒரு பெண் குழந்தையோடு வந்து, "இதைக் கொடுத்தா இன்னும்தாங்க வாந்தி எடுக்குது" என்றார். ஒரே ஒரு டம்ளரில் முழு பாக்கெட்டையும் கொட்டியிருக்கிறார். லிட்டர் பாத்திரத்துக்கு அவர் எங்கே போவார்? வீட்டுச் சாமான் எல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. அவ்வளவு கெட்டியாகக் கலந்தால் உப்பு ஏறிக் குழந்தைக்கே ஆபத்து.

அன்றைக்கே காலி லிட்டர் பாட்டில்களைத் தேடிப் பிடித்துக் கழுவி, பாக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்தோம். எங்கள் கண்முன்னால் ஒருமுறை கலக்கச் சொன்னோம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக.

1971-ல் மேற்கு வங்கத்தின் பங்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸின் குழு இந்தக் கரைசலை டிரம்களில் கலந்தே வைத்துவிட்டது. பிடித்துக் குடிக்கவைப்பது மட்டும்தான் கூட இருந்த உறவினர்களின் வேலை. 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. எங்களிடமும் டிரம் இருந்தது. அதில் கலந்து வைக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

* * *

உங்கள் இருவருடையதையும் விட என்னுடைய கதை சின்னது. கண் முகாம். ஒரு பாட்டிக்குக் கிட்டப் பார்க்கும் கண்ணாடியை மாட்டிவிட்டு எழுத்து அட்டையை நீட்டினேன். அவர் அதைச் சட்டை செய்யவே இல்லை. படிக்கத் தெரியாதவரிடம் அட்டையை நீட்டுகிறோம் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவரோ உள்ளங்கையை முகத்தருகே கொண்டுபோய்க் கட்டைவிரல் அடியில் எதையோ தேடினார். "ஊசி இருக்கா?" என்றார்.

ஒரு மாதமாக உறுத்திக்கொண்டிருந்த முள். நர்ஸ் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லியும் விடவில்லை. ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியை வாங்கி, தானே கிளறி எடுத்து, விரல் நுனியில் வைத்து என்னிடம் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாற்பத்தைந்து தாண்டியாயிற்று, சரி என்று பெட்டியிலிருந்து +1.50 பவர் கண்ணாடி ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.