கார் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள், எதற்கும் போகவில்லை. அவசரம்!

மங்கல்_ஜன்னல் | காலை 7.42
வணக்கம். கார் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. கழுவினேன், போகவில்லை. கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே அடித்தேன், போகவில்லை. எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. நாளை மறுநாள் வண்டியை வாங்க ஒருவர் பார்க்க வருகிறார். சீக்கிரம் ஒரு வழி சொல்லுங்கள்.

மூன்றாம்கியர் | 7.50
எந்தக் கண்ணாடி? முன்னாலா, பக்கத்திலா, பின்னாலா? புள்ளி உள்ளேயா வெளியேயா? விரலால் தடவினால் நெருடுகிறதா?

இரவுக்காகம் | 7.58
டூத்பேஸ்ட். ஈரத்துணியில் கொஞ்சம் எடுத்து வட்டமாகத் தேயுங்கள். என் வண்டியில் போனது.

ஓரப்பாதை | 8.03
மரத்தடியில் நிறுத்துகிறீர்களோ? அப்படியானால் அது பிசின். தண்ணீருக்கு அசையவே அசையாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துப் புள்ளிமேல் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், இளகிவிடும். தொண்ணூறு சதவீதம் பிசின்தான்.

பழைய_பிஸ்டன் | 8.21
மேலே தேடுபெட்டி என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் தொடுவதில்லை. இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதினேன் என்று எனக்கே கணக்கு இல்லை. "எல்லாம் செய்து பார்த்தேன்" என்பவர்கள் சரியாக இரண்டு காரியம் செய்திருப்பார்கள், நீங்களும் அப்படித்தான். இது உப்புக் கறை. பிசினும் இல்லை, பிசாசும் இல்லை. நான்கு பூஜ்ஜியம் (0000) ஸ்டீல் வுல், அதாவது மிக மெல்லிய இரும்பு நார், வாங்கித் தேயுங்கள். முடிந்தது.

மங்கல்_ஜன்னல் | 8.34
மன்னிக்கவும். வெளிப்பக்கம்தான். பக்கத்துக் கண்ணாடிகள். பின் கண்ணாடியிலும் இருக்கிறது, ஆனால் அது வேறு மாதிரி. வேலைக்குக் கிளம்புகிறேன், மாலை வருகிறேன்.

மூன்றாம்கியர் | 8.37
"வேறு மாதிரி" என்றால் எந்த மாதிரி?? இரண்டு பக்கமுமா, ஒரே பக்கமா? கூலிங் பேப்பர் ஒட்டியிருக்கிறதா?

மூன்றாம்கியர் | 8.52
போய்விட்டார்.

சோதனைக்குழாய் | 9.30
அவர் வரும்வரை சும்மா இருப்பானேன், கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லி வைக்கிறேன். முதலில் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்குங்கள். ஏற்றியிருக்கும்போது மேல் ரப்பருக்குள் ஒளிந்திருந்த பட்டை வெளியே தெரியும். அது பளிச்சென்றும் அதற்குக் கீழே புள்ளியாகவும் இருந்தால், வெளியிலிருந்து வந்து விழுந்த ஏதோ ஒன்று என்பது உறுதி.

அடுத்து, ஒரு புள்ளிமேல் ஒரு சொட்டு வினிகர் விட்டு, கண்ணைக் கிட்டே வைத்துப் பாருங்கள். பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பினால் அது கால்சியம் கார்பனேட், அதாவது உப்புத் தண்ணீர் காய்ந்து விட்டுப்போனது. சாதாரண வினிகரில் சுமார் 5 சதவீதம் அசெட்டிக் அமிலம், அதுவே போதும். டிஷ்யூ காகிதத்தை வினிகரில் நனைத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, பத்து நிமிடம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் செய்யவே கூடாது. பெயின்டிலும் ரப்பரிலும் வழியாதபடி கீழே துண்டு ஒன்றைச் சுருட்டி வையுங்கள். பிறகு நன்றாகக் கழுவி, காயவிடாமல் துடைத்து எடுங்கள். கடைசிக் கழுவலுக்கு டிஸ்டில்டு வாட்டர் இருந்தால் நல்லது. அதே உப்புத் தண்ணீரை ஊற்றினால் மறுபடி முதலிலிருந்து.

ஒரு எச்சரிக்கை: ஈரமாக இருக்கும்போது புள்ளி மறைந்ததைப் பார்த்து ஏமாறாதீர்கள். பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பிவிடுவதால் மறைந்த மாதிரி இருக்கும். முழுக்கக் காய்ந்த பிறகு பார்த்தால்தான் உண்மை.

ஓரப்பாதை | 9.41
குமிழ் வராவிட்டால் பிசின்தானே?

சோதனைக்குழாய் | 9.46
குமிழ் வராவிட்டால் பிசினாக இருக்கலாம், பெயின்ட் துளியாக இருக்கலாம், சிலிகாவாகவும் இருக்கலாம். சிலிகா வினிகருக்குக் கரையாது. அதைவிட மோசம், உப்பு பல மாதம் கிடந்து கண்ணாடியையே அரித்திருப்பது. அப்போது கரைக்க அங்கே எதுவுமே இல்லை, பள்ளம்தான். சீரியம் ஆக்சைடு என்ற கண்ணாடி பாலிஷ் பொடி போட்டு பாலிஷ் செய்யத்தான் வேண்டும்.

ஓரப்பாதை | 9.55
நண்பர் ஒருவர் அலாய் வீல் கழுவும் ஆசிட்டைக் கண்ணாடியில் தடவினார். ஒரே துடைப்பில் போனது. இவ்வளவு கஷ்டம் எதற்கு?

சோதனைக்குழாய் | 10.02
தயவுசெய்து அதை யாரும் செய்யாதீர்கள். அந்த வகைத் திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃப்ளோரைடோ இருக்கும். கறை போனது உண்மை, ஏனென்றால் கண்ணாடியின் மேல்தோலே கரைந்து போனது. கையில் பட்டால் சில சமயம் உடனே எரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும், அதற்குள் உள்ளே இறங்கியிருக்கும். அப்புறம், வினிகரோடு பிளீச்சையும் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

இரவுக்காகம் | 10.20
டூத்பேஸ்டில் இந்த ஆபத்து எதுவும் இல்லை என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

சக்கரம்7 | 11.05
ஸ்டீல் வுல் போட்டால் கண்ணாடி கீறிவிடாதா? @பழைய_பிஸ்டன் எந்தத் தைரியத்தில் இப்படிச் சொல்கிறீர்கள்?

பழைய_பிஸ்டன் | 11.18
படித்த தைரியத்தில். அந்த இரும்பு கண்ணாடியைவிட மென்மை. மென்மையானது கடினமானதைக் கீறாது. இது பள்ளிப் பாடம்.

சக்கரம்7 | 11.24
என் வண்டிக் கண்ணாடிக்கு அந்தப் பாடம் தெரியவில்லை போல. போன வருடம் தேய்த்தேன், எதிர் வண்டி விளக்கு பட்டால் இன்றைக்கும் சிலந்திவலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடு தெரிகிறது.

பழைய_பிஸ்டன் | 11.30
மூன்று பூஜ்ஜியம் வாங்கியிருப்பீர்கள்.

சக்கரம்7 | 11.31
நான்கு. பாக்கெட் இன்னும் வீட்டில் இருக்கிறது. படம் போடவா?

பழைய_பிஸ்டன் | 11.40
பாக்கெட் படத்தை வைத்து நான் என்ன செய்ய?

சோதனைக்குழாய் | 11.52
இரண்டு பேர் சொல்வதும் சரிதான். கீறியது இரும்பு இல்லை, மணல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி 5.5 பக்கம், மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. கழுவாமல் தேய்த்தால் ஒவ்வொரு தூசியும் உளிதான், அது ஸ்டீல் வுல்லின் கீழே சிக்கினாலும் மெத்தென்ற துணியின் கீழே சிக்கினாலும். முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி, கண்ணாடி வழுவழுவென்று ஈரமாக இருக்கும்போதுதான் தேய்க்க வேண்டும்.

பழைய_பிஸ்டன் | 11.58
கழுவ வேண்டும் என்பதையும் நான் சொல்ல வேண்டுமா?

சக்கரம்7 | 11.59
ஆமாம்.

மங்கல்_ஜன்னல் | மாலை 6.47
இப்போதுதான் பார்க்கிறேன். இவ்வளவு பதிலா! இடது பக்கம் மட்டும். கூலிங் பேப்பர் இல்லை. பின் கண்ணாடியில் இருப்பது வரிசை வரிசையாக ஒரே அளவில் சாம்பல் நிற வட்டங்கள், அச்சடித்த மாதிரி. காலையில் ஓட்டும்போது ரியர்வியூ மிரரில் பார்த்தேன், இப்போது தேடினால் காணவில்லை.

மூன்றாம்கியர் | 6.53
ஓட்டும்போது கூலிங் கிளாஸ் போட்டிருந்தீர்களா? கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு வகையா?

மங்கல்_ஜன்னல் | 6.55
ஆமாம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மூன்றாம்கியர் | 7.10
அது கறையே இல்லை. பின் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்டு வகை. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, வரிசையாக உள்ள துளைகள் வழியே காற்றை வேகமாக அடித்துக் குளிர வைப்பார்கள். அந்தக் காற்று பட்ட தடம் கண்ணாடிக்குள் அழுத்த வேறுபாடாக உறைந்துவிடும். வெறும் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியாது, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் காட்டிக்கொடுக்கும். அதைத் தேய்க்கப் போய், உள்பக்கம் ஓடும் டீஃபாகர் (கண்ணாடியைச் சூடாக்கி மூட்டம் போக்கும்) கம்பிகளை அறுத்துவிடாதீர்கள்.

இடது பக்கம் மட்டும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தப் பக்கம் புல்தரை ஏதாவது இருக்கிறதா? ஸ்பிரிங்க்ளர்?

மங்கல்_ஜன்னல் | 7.14
அட. இருக்கிறது. விடியற்காலையில் தானாக ஓடும். சக்கரமெல்லாம் நனைந்திருக்கும், நான்தான் பனி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓரப்பாதை | 7.20
புல்தரைக்குப் பக்கத்தில் மரம் இருக்கிறதா?

இரவுக்காகம் | 7.22
விடுங்கள் சார்.

பழைய_பிஸ்டன் | 7.35
உப்புக் கறை என்று காலை 8.21-க்கே எழுதிவிட்டேன். நேரத்தைக் குறித்துக்கொள்ளவும்.

சக்கரம்7 | 7.41
நோய் சரி, மருந்து?

மங்கல்_ஜன்னல் | மறுநாள் இரவு 9.05
வினிகர் டிஷ்யூ, இரண்டு தடவை. குமிழ் வந்தது. முக்கால்வாசி போய்விட்டது. பின் கதவுக் கண்ணாடியில் மூன்று வளையம் மட்டும் அப்படியே இருக்கிறது, நகத்துக்கு நெருடவில்லை. வண்டியை இப்போது வலது பக்கமாகத் திருப்பி நிறுத்துகிறேன். எல்லோருக்கும் நன்றி.

மூன்றாம்கியர் | 9.11
திருப்பி நிறுத்தினால் இனிமேல் வலது பக்கம் நனையும் சார். ஸ்பிரிங்க்ளரை நகர்த்துங்கள்.

சோதனைக்குழாய் | 9.20
அந்த மூன்றும் அரிப்பாக இருக்கும். பாலிஷ் செய்வதாக இருந்தால் கண்ணாடி சூடாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்க வருபவரிடம் நீங்களே காட்டிவிடுங்கள். படம் ஒன்று போட முடியுமா?

இரவுக்காகம் | மூன்று நாள் கழித்து, காலை 6.30
வண்டி விற்றதா? அந்த மூன்று வளையத்தில் டூத்பேஸ்ட் போட்டுப் பார்த்தீர்களா?