இடம் மாறிய பிள்ளைகளின் மனம்: உங்கள் அனுபவங்கள்

அரசுப் பள்ளி ஆசிரியை, பெரும்பாக்கம்:

சென்னையில் கூவம் ஆற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டு, இங்குள்ள அடுக்குமாடிகளுக்குக் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களைப் பற்றிப் பலரும் அறிவீர்கள். கல்வியாண்டின் நடுவில் எங்கள் மூன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பையன் காலையில் தவறாமல் வயிற்று வலி என்பான். மதியச் சத்துணவுக்குப் பின் வலி இருக்காது. ஒரு நாள் வீடு வரையச் சொன்னபோது, மற்றவர்கள் மலையும் தென்னையும் வரைய, இவன் ஒரு தகரக் கதவை வரைந்து, கணக்கெடுக்க வந்தவர்கள் சிவப்புச் சாயத்தில் எழுதிவிட்டுப் போன எண்ணை அதன்மேல் எழுதினான். பக்கத்துப் பையன் சிரித்ததும் பென்சில் முனை முறியும்படி தாளைக் குத்தினான். "கோபமா, பயமா?" என்று கேட்டேன். வெகுநேரம் கழித்து, "ரெண்டும் இல்ல மிஸ், வீட்ட இடிச்சப்ப நான் ஸ்கூல்ல இருந்தேன்" என்றான். சுவரில் ஒட்டியிருக்கும் உணர்ச்சி முகங்களில் எதைக் காட்டி அவனிடம் பேசுவது?

நாகப்பட்டினத்துக்காரர்:

ஆசிரியை கேட்டதில் பிழையில்லை. ஆனால் பிள்ளையின் வாயிலிருந்து பதிலை வரவழைக்க நாம் காட்டும் அவசரம் எனக்கு உடன்பாடில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் தற்காலிகக் குடியிருப்பில் நான் உதவிக்கு இருந்தபோது, பிள்ளைகள் ஒருவனை அலையாக நிறுத்திவிட்டு ஓடி விளையாடினார்கள். பெரியவர்கள் அபசகுனம் என்று விரட்டியும் அவர்கள் நிறுத்தவில்லை. ஒரு சிறுமி மணல்மேட்டில் ஏறி நின்று, "இப்ப நீ வரக் கூடாது, நாங்க மேல வந்துட்டோம்" என்று அலைக்கே உத்தரவு போட்டாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. பெங்களூருவின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸைச் சேர்ந்தவர்கள் அப்போது களப்பணியாளர்களுக்கு மனநல உதவிப் பயிற்சி தந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

மதுரையிலிருந்து ஒரு தாய்:

இருவருமே எல்லாம் நடந்து முடிந்த பிறகு என்ன செய்வது என்றுதான் பேசுகிறீர்கள். என் அக்காவின் கணவர் துபாய் சென்ற அன்று, "அப்பா கடைக்குப் போயிருக்கார்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். பையன் இரவு வரை வாசற்படியை விட்டு எழவில்லை. அழுதுவிடும் என்று அஞ்சி மறைப்பதால் அழுகை குறைவதில்லை, பெரியவர்களின் சொல்லில் நம்பிக்கைதான் குறைகிறது. எப்போது போகிறோம், எது மாறும், எது மாறாது என்பதைச் சில வாரங்களுக்கு முன்பே எளிய சொற்களில் சொல்லிவிட வேண்டும். முடிந்தால் புதுப் பள்ளியை முதலிலேயே காட்டிவிட வேண்டும். வீடு மாறினாலும் சாப்பாட்டு நேரத்தையும் படுக்கும் நேரத்தையும் மாற்றாதீர்கள். காலை வயிற்று வலியை நடிப்பு என்று ஒதுக்காதீர்கள். மனக் கலக்கத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும். கோபம் வருவதைத் தடுக்க வேண்டியதில்லை, ஆனால் அடிக்கக் கூடாது என்ற வரம்பைத் தளர்த்த வேண்டாம். ஆசிரியை சொல்லும் பையனை வீட்டார் ஒருமுறை பழைய இடத்துக்கு அழைத்துச் சென்று காட்டுவதே நல்லது. இடித்த இடத்தைக் காட்டக் கூடாது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. உறக்கமும் உணவும் பல வாரங்கள் குலைந்தே இருந்தால், மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லக் கூச்சப்பட வேண்டாம்.