கடத்து ஆர்.என்.ஏ.வா, ஏந்தி ஆர்.என்.ஏ.வா?

அனைவருக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் ஞாயிறுதோறும் படிவம் ஆறு பிள்ளைகளுக்கு உயிரியலைத் தமிழில் சொல்லித் தருகிறேன். போன வாரம் பலகையில் 'கடத்து ஆர்.என்.ஏ.' (transfer RNA: புரதச் சங்கிலி கோக்கப்படும் இடத்துக்கு அதன் மணிகளான அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் சின்ன மூலக்கூறு) என்று எழுதியதும் ஒரு மாணவி, "யாரைக் கடத்துது சார்?" என்றாள். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இங்கே நாளிதழில் கடத்தல் என்றால் ஆள்கடத்தல், இல்லையென்றால் போதைப்பொருள்.

அதனால்தான் முந்திய மடலில் அதை 'துபாசி ஆர்.என்.ஏ.', அதாவது மொழிபெயர்ப்பாளர் ஆர்.என்.ஏ., என்று அழைக்கலாமா என்று கேட்டிருந்தேன். அம்மா சொல்லும் தோட்டத்துக் கிராணி என் மனதில் இருந்தார். துரை ஆங்கிலத்தில் சொன்னதைக் காலைப் பெரட்டில் தமிழில் சொல்பவர் அவர்தான். இந்தச் சின்ன ஆர்.என்.ஏ.வுக்கும் ஒரு முனையில் தூது ஆர்.என்.ஏ.வின் (messenger RNA, புரதத்துக்கான செய்தியைக் கொண்டு வருவது) முக்குறியோடு (codon, மூன்றெழுத்துக் குறி) சேரும் எதிர்முக்குறி, மறுமுனையில் அமினோ அமிலம். இரு மொழி தெரிந்தவர் மாதிரிதானே?

ஈப்போ ஐயா, துபாசி என்ற பெயர் இந்த ஆர்.என்.ஏ.வுக்குப் பொருந்தாது என்று நீங்கள் மறுத்தது சரி. 1962இல் சாப்வில், லிப்மன் குழுவினர் செய்த சோதனையை மறுபடி படித்தேன். சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைச் சுமந்திருந்த ஆர்.என்.ஏ.வை எடுத்து, சிஸ்டீன் அதில் ஒட்டியிருக்கும்போதே நிக்கல் வினையூக்கியால் கந்தகத்தை நீக்கினார்கள். சிஸ்டீன், அலனின் என்ற வேறு அமினோ அமிலமாக ஆகிவிட்டது. புரதத்தைக் கோக்கும் ரைபோசோமோ சிஸ்டீன் வரவேண்டிய இடத்தில் அந்த அலனினைக் கோத்துவிட்டது! முக்குறியும் எதிர்முக்குறியும் சேர்கின்றனவா என்று மட்டும் அது பார்க்கிறது. கையில் இருப்பது என்ன என்று பார்ப்பதில்லை. சுமந்து வந்த ஆர்.என்.ஏ.வுக்கும் அது தெரியாது. அப்படியானால் இரு மொழியும் தெரிந்தது யார்? இன்ன ஆர்.என்.ஏ.வுக்கு இன்ன அமினோ அமிலம் என்று இரண்டையும் அடையாளம் கண்டு இணைக்கும் நொதிதான் (enzyme). ஐசோலூசினுக்குப் பதில் அதைப் போலவே இருக்கும் வேலின் தவறி ஏறிவிட்டால், அதற்குரிய நொதியே வெட்டி எறிகிறது. எனவே துபாசி என்ற பெயர் அந்த நொதிக்கே உரியது: 'துபாசி நொதி'.

ஆர்.என்.ஏ.வுக்கு 'ஏந்தி' என்று வைக்கலாமா? ஆர்.என்.ஏ.வுக்கும் அமினோ அமிலத்துக்கும் நடுவே ஓர் இணைப்பு மூலக்கூறு (adaptor) இருக்கவேண்டும் என்று 1955இல் பிரான்சிஸ் கிரிக் சொன்ன கருத்தை வைத்துப் 'பொருத்தி' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான், ஆனால் பொருத்துகிற வேலையும் நொதியுடையது. தைப்பூசத்தில் பால்குடம் ஏந்தி வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏந்தி உடனே புரியும். கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. அமினோ அமிலம் ஏறியது நிறை ஏந்தி, இறக்கிவிட்டது வெறும் ஏந்தி. 'கடத்து' என்பதிலிருந்து இப்படி எடுக்க முயன்று பார்த்தேன், வரவில்லை.

'முக்குறி' என்ற சொல்லில் யாருக்கும் மறுப்பில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஒன்று. 64 முக்குறிகளில் 61தான் அமினோ அமிலத்தைக் குறிப்பவை. அந்த 61க்கும் தனித்தனி ஏந்தி தேவைப்படாது. முக்குறியின் மூன்றாம் எழுத்தில் கொஞ்சம் நெகிழ்வு உண்டு, அதனால் ஒரே ஏந்தி ஒன்றுக்கு மேற்பட்ட முக்குறிகளோடு சேர முடியும். மீதி மூன்றும் நிறுத்தக் குறிகள். அங்கே ஏந்தி எதுவும் வருவதில்லை, ஒரு புரதம் வந்து உட்கார்ந்து, கோத்து முடித்த சங்கிலியை விடுவிக்கிறது. அதற்கு 'விடுவிப்பி' என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எழுதுங்கள், அன்றைக்கு அந்தப் பாடம்தான்.