பிகாஸ், பிகாஸ் ஆஃப், ஆல்தோ, பட்: பையருக்கு மெயில் எழுதும்போது குழப்பம்

திருப்பூர்க்காரன்:
பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்சண்டைசராக இருக்கிறேன். படித்தது தமிழ் மீடியம். ஷிப்மெண்ட் தள்ளிப்போனதற்குக் காரணம் சொல்லி பையருக்கு மெயில் எழுதினால், மேனேஜர் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறார். என்ன தப்பு என்று சொல்வதில்லை. நேற்று திரும்பி வந்தவை:

அ) பிகாஸ் ஆஃப் தி டையிங் யூனிட் வாஸ் க்ளோஸ்ட், தி ஃபேப்ரிக் இஸ் லேட்.
ஆ) ஃபார் அவாய்ட் ஃபர்தர் டிலே, வி வில் ஷிப் பை ஏர்.
இ) ஆல்தோ தி யார்ன் கேம் லேட், பட் வி ஃபினிஷ்ட் தி நிட்டிங் ஆன் டைம்.

அர்த்தம் புரிகிறதுதானே? எங்கே உதைக்கிறது?

இங்கிலீஷ் டீச்சர்:
அர்த்தம் நன்றாகவே புரிகிறது தம்பி. 'மழையால் நின்றது', 'மழை பெய்ததால் நின்றது' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். பெயருக்கும் வினைக்கும் நமக்கு ஒரே 'ஆல்'தான். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. மழையால் என்றால் 'பிகாஸ் ஆஃப் தி ரெயின்'. மழை பெய்ததால் என்றால் 'பிகாஸ் இட் ரெயின்ட்'. உங்கள் (அ)வில் 'வாஸ் க்ளோஸ்ட்' என்று வினை வந்துவிட்டது, அதனால் 'ஆஃப்' வேண்டாம். 'டியூ டு'வும் 'பிகாஸ் ஆஃப்' மாதிரிதான், பின்னால் பெயர் வேண்டும்.

(இ)யிலும் இதே கணக்கு. வினையோடு முழு வாக்கியம் வந்தால் 'ஆல்தோ'. பெயரோ 'இங்' வடிவமோ வந்தால் 'டிஸ்பைட்' அல்லது 'இன் ஸ்பைட் ஆஃப்'. 'டிஸ்பைட் ஆஃப்' என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆனால் வாரத்துக்கு நாலு விடைத்தாளிலாவது பார்க்கிறேன்! 'ஆல்தோ' போட்டாயிற்றென்றால் 'பட்' வேண்டாம். 'நூல் லேட்டாக வந்தாலும் ஆனால் முடித்தோம்' என்று தமிழில் சொல்வீர்களா?

(ஆ)வில் 'ஃபார்' வந்ததற்கு நம் 'தவிர்ப்பதற்காக'தான் காரணம். ஒரு வேலையை எதற்காகச் செய்கிறோம் என்று சொல்ல 'டு அவாய்ட்' போதும். 'ஃபார்' பின்னால் பெயர் வரலாம்: 'வி சென்ட் தி சாம்பிள் ஃபார் அப்ரூவல்'. ஒரு பொருள் எதற்குப் பயன்படும் என்றால் 'இங்' வரும்: 'திஸ் மெஷின் இஸ் ஃபார் கட்டிங் ஃபேப்ரிக்'. செய்பவர் ஒருவர், பலன் வேறொருவருக்கு என்றால் 'ஸோ தட்': 'வி வில் ஷிப் பை ஏர் ஸோ தட் யூ கேன் லாஞ்ச் ஆன் டைம்'.

கோவை வாசி:
இன்னொண்ணு சேர்த்துக்கங்க. 'வி குட் நாட் ஷிப்.' அப்படின்னு புள்ளி வெச்சிட்டு, 'பிகாஸ் தி யார்ன் வாஸ் லேட்.' அப்படின்னு தனியா எழுதுவோம். 'வரலை. ஏன்னா காய்ச்சல்' பழக்கம். ஆபீஸ் மெயில்ல அது அரைகுறை வாக்கியம், நடுவுல புள்ளி வேண்டாம். அப்புறம் லீவ் லெட்டர்! 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' மனப்பாடம் பண்ணாத ஆளே இல்லை. அதோட கமா போட்டு 'ஸோ ஐ கெனாட் கம்'னு சேர்த்துடுவோம். 'ஆஸ்' காரணத்தைச் சொல்லிடுச்சு, அப்புறம் 'ஸோ' எதுக்கு?

பழைய பிளஸ் டூ:
டீச்சர், 'தோ' வந்தா 'யெட்' போடணும்னு எங்க வாத்தியார் சொல்லிக்குடுத்தாரே? 'தோ ஹி இஸ் புவர், யெட் ஹி இஸ் ஹானஸ்ட்'னு.

இங்கிலீஷ் டீச்சர்:
பழைய நடை அது, தப்பில்லை. மெயிலுக்குத் தேவையில்லை. 'பட்'டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

திருப்பூர்க்காரன்:
நன்றி அக்கா. மூன்றையும் மாற்றி அனுப்பிவிட்டேன், கோடு இல்லாமல் போய்விட்டது. கடைசியாக ஒன்று. ஷேட் (நிறம்) மாறிவிடாமல் இருக்க லேப் டிப்பை (சாயம் போட்ட சிறு துணி மாதிரியை) மறுபடி பார்த்தோம் என்பதற்கு, 'வி செக்ட் தி லேப் டிப் அகெய்ன் டு நாட் சேஞ்ச் தி ஷேட்' சரியா?

இங்கிலீஷ் டீச்சர்:
இல்லை. நீங்கள் ஷேடை மாற்றாமல் இருக்கவா பார்த்தீர்கள்? அது தானாக மாறிவிடக் கூடாது என்பதற்காக. செய்பவர் வேறு, மாறுவது வேறு, எனவே 'ஸோ தட் தி ஷேட் வுட் நாட் சேஞ்ச்'. இரண்டுக்கும் ஒருவரே என்றால்தான் 'ஸோ ஆஸ் நாட் டு': 'வி வொர்க்ட் ஆன் சண்டே ஸோ ஆஸ் நாட் டு மிஸ் தி வெசல்'.